வைக்கோல் கட்டுகளால் வீட்டுச் சுவர்: அஸ்திவாரம் முதல் கடைசிப் பூச்சு வரை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மணற்குன்றுகள் நிறைந்த மேய்ச்சல் நிலம் ஒன்று பரந்து கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே குடியேறியவர்களுக்கு வீடு கட்ட மரம் கிடைக்கவில்லை. மண்ணும் வெறும் மணலாக இருந்ததால் மண்சுவர் நிற்கவில்லை. ஆனால் புல்லையும் வைக்கோலையும் அழுத்தி நீள்சதுரக் கட்டாகக் கட்டித் தரும் இயந்திரம் அதற்குள் வந்துவிட்டது. அந்தக் கட்டுகளை அடுக்கி, இருபுறமும் பூசி, மேலே கூரையை ஏற்றிக் குடிபுகுந்தார்கள். அதே ஊர்ப்பக்கம் ஆர்தர் என்ற சிற்றூரில் 1928இல் கட்டிய வைக்கோல் தேவாலயம் இன்றும் நிற்கிறது. பிரான்சின் மோன்தார்ஜி நகரில் 1920இல் மரச்சட்டத்துக்கு இடையே வைக்கோல் அடைத்துக் கட்டிய வீடும் நூறு வயதைத் தாண்டி நல்ல நிலையில் இருக்கிறது.

ஆகவே வைக்கோல் சுவர் நிலைக்குமா என்ற கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. எப்படிக் கட்டினால் நிலைக்கும் என்பதே நாம் பார்க்க வேண்டியது. கட்டுகளை அடுக்குவது நாலு நண்பர்கள் சேர்ந்தால் சில நாளில் முடிந்துவிடும். படம் எடுத்துப் போடுவதற்கும் அதுதான் அழகாக இருக்கும். ஆனால் அந்த வீடு ஐம்பது வருடம் இருக்குமா, ஐந்து வருடத்தில் உளுத்துப்போகுமா என்பதை அதற்கு முன்பு செய்யும் அடித்தள வேலையும் பின்பு செய்யும் பூச்சு வேலையும் தீர்மானிக்கின்றன. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான்: வைக்கோலுக்குள் தண்ணீர் போகக் கூடாது, மீறிப் போனால் வெளியே வர வழி இருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வேலையையும் இந்த நோக்கத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

எந்த முறையில் கட்டுவது

இரண்டு முறைகள் உண்டு. நெப்ராஸ்கா முறையில் கூரையின் எடையைச் சுவரே தாங்கும். மரச் செலவு குறைவு. ஆனால் சுவர் முழுவதும் எழும்பும்வரை கூரை கிடையாது. நடுவில் ஒரு மழை பெய்தால் அத்தனை கட்டும் போச்சு. தவிர, எடை ஏறிய பிறகு கட்டுகள் அமுங்கி சுவர் சில சென்டிமீட்டர் இறங்கும். அதற்கு வாரக்கணக்கில் காத்திருந்துதான் பூச முடியும்.

இரண்டாவது முறையில் தூணும் உத்தரமும் கொண்ட மரச்சட்டம் கூரையைத் தாங்கும். வைக்கோல் இடைவெளியை அடைக்க மட்டுமே. முதலில் சட்டம், அடுத்து கூரை, அதன் பிறகு நிழலில் நின்று நிதானமாகச் சுவர். முதல்முறை கட்டுகிறவர்கள் இதையே தேர்ந்தெடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. மழை அதிகமுள்ள ஊர் என்றால் யோசிக்கவே வேண்டாம். இந்த வழிகாட்டியும் இந்த முறையைத்தான் பின்பற்றுகிறது.

கட்டுகளைத் தேர்ந்தெடுப்பது

வேண்டியது தானியம் அடித்தெடுத்த பிறகு மிஞ்சும் தாள். பச்சைப் புல்லைக் காயவைத்துக் கட்டிய தீவனக் கட்டு வேண்டாம். அதில் சத்து இருப்பதால் பூஞ்சையும் பூச்சியும் எளிதில் சேரும். கோதுமைத் தாள், நெல் வைக்கோல் இரண்டுமே நல்லவை. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்பதால் மட்கத் தாமதமாகும்; வெட்டும் கருவிகளை அதே சிலிக்கா சீக்கிரம் மழுங்கடித்துவிடும். கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் நெல் வைக்கோலை வயலிலேயே எரிப்பதைப் படிப்படியாகக் குறைக்க 1991இல் சட்டம் வந்தது. எரிக்க முடியாத வைக்கோலுக்கு வீட்டுச் சுவரும் ஒரு பயனாக அமைந்தது. அங்கே கட்டும் வைக்கோல் வீடுகள் பலவற்றில் இருப்பது நெல் வைக்கோல்தான்.

இரண்டு கயிறு போட்ட சாதாரணக் கட்டு சுமார் 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் இருக்கும். நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு இருந்தால் மூலைகளில் மாற்றி மாற்றி அடுக்குவது எளிது. வாங்கும் முன் நாலு சோதனைகளைச் செய்யுங்கள். கயிறைப் பிடித்துத் தூக்கினால் கட்டு வளையாமல் விறைப்பாக வர வேண்டும். நிறம் பொன்னிறமாக இருக்க வேண்டும். கருப்போ சாம்பலோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். மூக்கருகே கொண்டுபோனால் மக்கிய வாடை வரக் கூடாது. கடைசியாக எடை. அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதித் தொகுப்பில் 2015இல் வைக்கோல் சுவருக்கென்றே ஓர் இணைப்பு சேர்ந்தது. அதன்படி காய்ந்த நிலையில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 104 கிலோ அடர்த்தி வேண்டும். மேலே சொன்ன அளவுள்ள கட்டுக்குக் கணக்குப் போட்டால் 15 கிலோ வரும். அதற்குக் கீழே இருந்தால் கட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டவே கூடாது. 15க்குள் இருந்தால் நிம்மதி. வைக்கோலுக்கென நீண்ட ஊசியுள்ள ஈரமானி விற்கிறது. அதைக் கட்டின் நடுவரை குத்திப் பாருங்கள். மேற்பரப்பை மட்டும் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் வெளியே காய்ந்த கட்டு உள்ளே ஈரமாக இருக்கலாம். எடை வழக்கத்தைவிட அதிகமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

எத்தனை கட்டு? 8க்கு 6 மீட்டர் வீடு என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 28 மீட்டர். எட்டு வரிசை அடுக்கினால் உயரம் 2.8 மீட்டர். சுவர்ப் பரப்பு 78 சதுர மீட்டர்; கதவு ஜன்னலுக்கு 14 கழித்தால் 64. ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கட்டுக்குச் சற்று மேல். ஆக 205 கட்டு, சேதாரத்துக்குச் சேர்த்து 225. அறுவடை முடிந்ததும் வாங்கி, தரையைத் தொடாமல் பலகை மேல் அடுக்கி வையுங்கள். மேலே தார்ப்பாய் போடுங்கள், பக்கங்களில் காற்றோட்டம் விடுங்கள். முழுவதும் மூடினால் உள்ளே வியர்த்துவிடும்.

அடித்தளம்

சுவர் 45 செ.மீ. அகலம் என்பதால் அஸ்திவாரமும் அதற்கேற்ப அகலமாக வேண்டும். கருங்கல், செங்கல், கான்கிரீட் எதுவானாலும் சரி. ஆனால் பேஸ்மட்டம் தரையிலிருந்து குறைந்தது 30 செ.மீ., அடைமழை பெய்யும் ஊரில் 45 செ.மீ.க்கு மேல் எழும்ப வேண்டும். கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறிக்கும் உயரம் அது. அங்கே வைக்கோலும் இருக்கக் கூடாது, மண்பூச்சும் இருக்கக் கூடாது. தெறிப்பைக் குறைக்க வீட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சரளைக்கல் பரப்பலாம்.

பேஸ்மட்டத்தின் மேல் ஈரம் ஏறாதபடி தார் அல்லது நீர்த்தடுப்புத் தாள் போடுங்கள். அதன் மேல் சுவரின் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் 10 செ.மீ. உயரமுள்ள இரண்டு மரச்சட்டங்களை இணையாகப் பதித்து ஆணிபோல்ட்டால் பிணையுங்கள். நடுவில் உள்ள பள்ளத்தைச் சிறு சரளையால் நிரப்புங்கள். வைக்கோல் இந்தச் சட்டங்களின் மேல்தான் உட்கார வேண்டும். வீட்டுக்குள் குழாய் உடைந்து தரையெல்லாம் தண்ணீர் நின்றால்கூட முதல் வரிசை நனையாது. சட்டத்தின் மேல்பக்கம் நீண்ட ஆணிகளைப் பாதி அடித்து நிறுத்திவைத்தால் முதல் வரிசைக் கட்டுகள் நகராமல் பிடித்துக்கொள்ளும்.

கரையான் உள்ள மண் என்றால் பேஸ்மட்டத்துக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே விளிம்பு வெளியே மடங்கிய தகரத் தகடு போடுவது அவசியம். தகடு கரையானைக் கொல்லாது. ஆனால் அது ஏறிவரும் மண்பாதை தகட்டைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியும், உடனே கவனிக்கலாம்.

தண்ணீர்க் குழாய் எதையும் வைக்கோல் சுவருக்குள் விடாதீர்கள். குளியலறை, சமையலறைத் தொட்டி எல்லாவற்றையும் உள்ளே உள்ள செங்கல் தடுப்புச் சுவர்ப் பக்கம் கொண்டுபோங்கள்.

சட்டமும் கூரையும்

இதற்கு நல்ல தச்சர் வேண்டும், அளவுகளுக்குப் பொறியாளர் வேண்டும். தூண்களை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் வைக்கோலை மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். சுவரின் நடுவில் தூண் வந்தால் ஒவ்வொரு வரிசையிலும் கட்டைக் குடைய வேண்டியிருக்கும். சுவரின் உள்விளிம்பை ஒட்டித் தூண் நின்றால் அந்த வேலை பெரும்பாலும் மிச்சம்.

கூரை சுவரைத் தாண்டி 60 முதல் 90 செ.மீ. வெளியே நீள வேண்டும். மழை சாய்ந்து அடிக்கும் திசையில் அதுவும் போதாது. அங்கே தாழ்வாரமே இறக்கிவிடுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் தரையில் குறையுங்கள், கதவில் குறையுங்கள், கூரை நீட்டத்தில் கை வைக்காதீர்கள்.

கதவு, ஜன்னல் வரும் இடங்களில் பலகைப் பெட்டிகளைச் சட்டத்தோடு இப்போதே பொருத்திவிடுங்கள். இரண்டு திறப்புகளுக்கு நடுவே உள்ள சுவரின் நீளம் முழுக் கட்டு அல்லது அரைக் கட்டின் மடங்காக வந்தால் அடுக்கும்போது வெட்டும் வேலை பாதியாகக் குறையும். ஜன்னலைச் சுவரின் வெளிப்பக்கம் ஒட்டி வையுங்கள். கீழ்விளிம்புக்கு அடியில் நீர்த்தடுப்புத் தாளை விரித்து இரு பக்கமும் மடித்துவிடுங்கள். அதன் மேல் வரும் கல்லோ பலகையோ வெளிப்பக்கம் சரிந்து, பூச்சைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடிப்பக்கம் ஒரு சின்னக் காடி வெட்டினால் தண்ணீர் திரும்பிச் சுவருக்கு ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். வைக்கோல் வீடுகளில் அழுகல் வழக்கமாக ஆரம்பிக்கும் இடம் ஜன்னலின் கீழ் மூலைதான். அந்த மூலைக்குச் செலவிடும் நேரம் வீண்போகாது.

வெல்டிங் வேலை ஏதாவது இருந்தால் வைக்கோல் வந்து இறங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

அடுக்குவது

மூலைகளிலிருந்தும் கதவுப் பெட்டிகளின் ஓரத்திலிருந்தும் தொடங்கி நடுவை நோக்கி வாருங்கள். கட்டைப் படுக்கையாக, கயிறுகள் மேலும் கீழும் போகுமாறு வைத்தால் சுவர் 45 செ.மீ. கனம் வரும். கயிறு சுவர் முகத்தில் தெரியாததால் முகத்தைச் செதுக்கலாம், குடையலாம். ஒருக்களித்து நிறுத்தினால் சுவர் 35 செ.மீ.தான், இடம் மிச்சம்; ஆனால் கயிறு வெளியே தெரியும், அதை வெட்டிவிட்டால் கட்டே அவிழ்ந்துவிடும்.

செங்கல் வேலையில் செய்வதுபோலவே கீழ் வரிசை இணைப்பின் மேல் மேல் வரிசைக் கட்டின் நடுப்பகுதி வர வேண்டும். நூல் கட்டி, தூக்குக்குண்டு பார்த்து, பெரிய மரச்சுத்தியலால் தட்டி நேராக்குங்கள். கடைசிக் கட்டு நுழையும் இடம் சற்று இறுக்கமாக இருந்தால் போதும். ஆர்வத்தில் உதைத்துத் திணித்தால் மூலை வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். கூட்டமாக வேலை செய்யும்போது அடிக்கடி நடப்பது இது.

அரைக் கட்டு செய்ய, ஓரத்தில் இரண்டு துளை போட்ட நீண்ட இரும்பு ஊசி வேண்டும். ஊரில் கொல்லரிடம் சொன்னால் செய்து தருவார். பிரிக்க வேண்டிய இடத்தில் ஊசியைச் செருகி, புதுக் கயிறுகள் இரண்டை மறுபக்கம் கொண்டுபோய், ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாக இறுக்கிக் கட்டுங்கள். பழைய கயிறை அதற்குப் பிறகே வெட்ட வேண்டும்.

கட்டுகளை ஒன்றோடொன்று பிணைக்க முன்பெல்லாம் இரும்புக் கம்பியை மேலிருந்து உள்ளே அடித்து இறக்குவார்கள். இப்போது பலரும் அதை விட்டுவிட்டார்கள். குளிர்ந்த கம்பியின் மேல் சுவருக்குள்ளேயே ஈரம் படியும் என்பது ஒரு காரணம். பதிலுக்குச் சுவரின் இருபுறமும் எதிரெதிராக மூங்கிலை நிறுத்தி, ஊசியால் கயிறு கோத்து, சுவர் வழியாக ஒன்றோடொன்று இழுத்துக் கட்டலாம். 2005 காஷ்மீர் நிலநடுக்கத்துக்குப் பிறகு பாகிஸ்தானில் குறைந்த செலவில் கட்டிய வைக்கோல் வீடுகளில் இந்த வெளிமூங்கில் முறையும் மண்பூச்சும் பயன்பட்டன. 14க்கு 14 அடி அளவுள்ள அத்தகைய வீட்டை 2009இல் நெவாடா பல்கலைக்கழகத்தின் ரீனோ வளாகத்தில் நிலநடுக்க மேடையில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்கள். விரிசல் கண்டது, ஆனால் இடிந்து விழவில்லை.

கட்டுகளுக்கு நடுவே உள்ள சந்துகளைக் களிமண் குழம்பில் தோய்த்த வைக்கோலால் அடையுங்கள். வெறும் வைக்கோலைவிட இது நன்றாகப் பிடிக்கும், எலிக்கும் இடம் தராது. மின்கம்பிக் குழாய்களை வரிசைகளுக்கு இடையில் அழுத்திவிடலாம். சுவிட்சுப் பெட்டிக்கும் அலமாரி மாட்டும் இடத்துக்கும் கூராக்கிய மரமுளைகளைக் கட்டுக்குள் அடித்து வையுங்கள். பூசிய பிறகு தேடினால் கிடைக்காது. ஒரு தாளில் அளவோடு வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வரிசைக்கும் உத்தரத்துக்கும் நடுவே இடைவெளி மிஞ்சினால் இறுக்கமாக அடைத்துவிடுங்கள். அங்கே விட்ட சந்து பின்னால் காற்றுக்கும் பூச்சிக்கும் வழியாகும்.

நெருப்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பூசி முடித்த வைக்கோல் சுவர் எளிதில் எரியாது. இறுகிய கட்டுக்குள் தீ பரவப் போதுமான காற்று இல்லை. 2006இல் நடந்த சோதனைகளில் மண்பூச்சுப் பூசிய சுவர் ஒரு மணி நேரமும் சிமெண்ட் பூச்சுப் பூசியது இரண்டு மணி நேரமும் தாக்குப்பிடித்தன. ஆபத்து கட்டும் காலத்தில்தான் இருக்கிறது, காலடியில் சிதறிக் கிடக்கும் வைக்கோலில். தினமும் மாலையில் பெருக்கி அள்ளுங்கள். தண்ணீர் நிரம்பிய டிரம்மும் குழாயும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பீடி, சிகரெட் வளாகத்துக்குள்ளேயே கூடாது, இதில் யாருக்கும் தயவு பார்க்க வேண்டாம்.

பூச்சு

உண்மையான சுவர் இதுதான். 64 சதுர மீட்டர், இருபுறமும் சேர்த்து 128. சராசரி 3.5 செ.மீ. கனம் என்றால் நாலரை கன மீட்டர் சாந்து. மேடுபள்ளத்துக்குச் சேர்த்தால் ஐந்து. எட்டு டன்னைத் தாண்டும். மேலே கணக்கிட்ட 205 கட்டும் சேர்ந்து நாலு டன்கூட வராது. சுவரில் வைக்கோலைவிடப் பூச்சின் எடை அதிகம், உழைப்பும் அப்படியே. இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கியவர்கள் பாதியில் களைத்துவிடுகிறார்கள்.

சிமெண்ட் பூச வேண்டாம். அது விறைப்பானது, விரிசல் விடும். விரிசல் வழியே நுழைந்த நீரை வெளியே விடாது. மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி, வெயிலில் வெளியே விட்டுவிடும். இதே காரணத்துக்காக வைக்கோல் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்துவதும் பிறகு எனாமல் பெயிண்ட் அடிப்பதும் கூடாது.

முதலில் சுவர் முகத்தை மட்டமாகச் செதுக்குங்கள்; கையில் பிடித்துப் புல்வெட்டும் இயந்திரம் இதற்கு நன்றாக உதவும். மரம் தெரியும் இடங்களில் பூச்சு ஒட்டாது. அங்கே சணல் சாக்கு அல்லது நாணல் தட்டியை வைக்கோல் பக்கமும் கொஞ்சம் நீளுமாறு விரித்து ஆணி அடியுங்கள்.

மண்ணைச் சோதிக்க ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் அதன் மேல், களிமண் கடைசியில் மெதுவாக. பிறகு களிமண் ஒரு பங்குக்கு மணல் ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றிக் கலந்து, நறுக்கிய வைக்கோல் சேர்த்து, சுவரிலேயே முழ அளவுத் திட்டுகளாகப் பூசிப் பாருங்கள். காய்ந்ததும் வெடித்தால் மணல் போதவில்லை. விரலால் தேய்த்து உதிர்ந்தால் களிமண் போதவில்லை. பெரும்பாலும் ஒன்றுக்கு இரண்டரை, மூன்று என்ற அளவில் வந்து நிற்கும்.

முதல் பூச்சு, தயிர் பதத்துக் களிமண் குழம்பு. கையுறை போட்டுக்கொண்டு வைக்கோல் இழைகளுக்குள் விரல் புதையும் அளவுக்கு அழுத்தித் தேயுங்கள். கரணையால் இதைச் செய்ய முடியாது. மேலோட்டமாகப் பூசினால் மொத்தப் பூச்சும் பின்னால் பொருக்காகக் கழன்று வரும். அது காய்வதற்கு முன்பே இரண்டாவது பூச்சை, நறுக்கிய வைக்கோல் தாராளமாகக் கலந்து, பள்ளங்களை நிரப்பி மட்டமாக்குங்கள். மேல்பரப்பைக் கீறிவிட்டு முழுவதும் உலர விடுங்கள். காற்றோட்டத்தைப் பொறுத்து ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். ஜன்னல்களைத் திறந்தே வையுங்கள். மெதுவாகக் காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த பிறகு லேசாக நனைத்து, சலித்த மணலும் களிமண்ணும் கலந்த மெல்லிய கடைசிப் பூச்சை மணியாஸ் கட்டையால் (கொத்தனார் பூச்சை மட்டமாக இழைக்கும் மரப்பலகை) இழையுங்கள்.

மழை படும் வெளிச்சுவருக்கு, முதல் பூச்சிலிருந்தே சுண்ணாம்பு பூசலாம்: நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. அல்லது மண்பூச்சின் மேல் பல கை சுண்ணாம்பு வெள்ளை அடித்து, தேவைப்படும்போது மறுபடி அடித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பழைய கொத்தனார்கள் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பார்கள். அந்தக் கைப்பக்குவம் தெரிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். சுண்ணாம்பு வேகமாகக் காயக் கூடாது. ஈரச் சாக்கால் நிழல் கொடுத்து, சில நாள் தண்ணீர் தெளித்து வாருங்கள். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் இந்த வேலையில் விடாதீர்கள்; கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

தமிழ்நாட்டில் கட்ட நினைப்பவர்களுக்கு

நெல் விளையும் ஊர்களில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நம்மூர் வயல்களில் ஓடும் இயந்திரங்கள் பெரும்பாலும் உருளைக் கட்டுகளாகவே கட்டித் தருகின்றன. அவற்றை அடுக்கிச் சுவர் எழுப்ப முடியாது. நீள்சதுரமாகக் கட்டும் இயந்திரம் எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். வைக்கோல் இங்கே மாட்டுத் தீவனம், ஆகவே விலையும் சும்மா இருக்காது. கடலோர ஈரக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் உள்ள இடத்தில் நேரடியாக வீடு கட்டுவதைவிட, ஒரு சின்ன அறையைக் கட்டி, இரண்டு மழைக்காலம் ஈரமானி வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வதே நல்லது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போன்ற காய்ந்த ஊர்களில் வாய்ப்பு கூடுதல். அனுமதி தரும் அலுவலகத்திலும் கட்டமைப்புப் பொறியாளரிடமும் முன்பே பேசிவிடுங்கள்.

குடிபுகுந்த பிறகு

முதல் மழைக்காலம் முடிந்ததும் வீட்டைச் சுற்றி ஒரு நடை வாருங்கள். மயிரிழை விரிசல்களை அதே சாந்தைக் குழைத்து அடையுங்கள். ஜன்னல் கீழ்மூலைகளிலும் மழைச் சாரல் அடிக்கும் சுவரின் அடிவரிசையிலும் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். துளையைப் பூசி அடைக்க மறக்காதீர்கள். 20க்கு மேல் காட்டினால் முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடையுங்கள். பிறகு அந்த இடத்தில் பூச்சை ஒரு முழத்துக்கு உடைத்துத் திறந்துவிடுங்கள். வைக்கோல் நிறம் மாறாமல் இருந்தால் காற்றுப்பட வைத்தாலே உலர்ந்துவிடும். கருத்து நைந்திருந்தால் கையால் தோண்டி எடுத்து, உள்ளே நல்ல வைக்கோல் வரும்வரை போய், காயவிட்டு, களிமண் குழம்பில் தோய்த்த புது வைக்கோலை இறுக்கித் திணித்து, பழைய வரிசைப்படி மூன்று பூச்சும் பூசுங்கள்.